லக்ஷ்மன் கதிர்காமர்: தமிழர் ஒருவர் இலங்கை அரசின் வெளியுறவுக் குரலானது எப்படி? குர்து தலைவர்களின் பாதையிலிருந்து அது எங்கே வேறுபடுகிறது?

பத்துபஸ்தி (அந்தமான்): 2005-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் தேதி, இராக் நாடாளுமன்றம் ஜலால் தலபானியை அந்நாட்டின் அதிபராகத் தேர்ந்தெடுத்தது. குர்து இனத்தைச் சேர்ந்த ஒருவர் அப்பதவிக்கு வந்தது அதுவே முதல் முறை. பாக்தாத் அரசுக்கு எதிராக மலைகளில் ஆயுதம் ஏந்தியவர், அதே அரசின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அதற்கு நான்கு மாதங்களுக்குப் பின், ஆகஸ்ட் 12-ஆம் தேதி இரவு, கொழும்பில் தமது வீட்டில் இருந்த இலங்கை வெளியுறவு அமைச்சர் லக்ஷ்மன் கதிர்காமர் சுட்டுக்கொல்லப்பட்டார். அவர் யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவர்.

இரு நாடுகளிலும் நீண்ட இனப்போர் நடந்தது. இரு நாடுகளிலும் சிறுபான்மையினத்தவர் ஒருவர் அரசின் உச்சப் பொறுப்பில் அமர்ந்தார். ஆனால் அவர்கள் அங்கு வந்து சேர்ந்த வழியும், அப்பதவியில் அவர்களுக்கு இருந்த பிடிமானமும் ஒன்றல்ல. கதிர்காமர் மறைந்து இருபது ஆண்டுகள் கடந்த பின்னரும் அவரைத் தேசப்பற்றாளர் என்றும் துரோகி என்றும் இருவேறு சொற்களால் அழைக்கும் வழக்கம் மறையவில்லை. அதற்கான காரணத்தை இந்த வேறுபாடு ஓரளவு விளக்குகிறது.

மானிப்பாய்க் குடும்பம், ஆக்ஸ்போர்டு மேடை

1932-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் தேதி பிறந்த கதிர்காமரின் குடும்பம் யாழ்ப்பாணத்தின் மானிப்பாயைப் பூர்வீகமாகக் கொண்டது. ஆங்கிலிக்கன் கிறிஸ்தவ மரபைச் சேர்ந்த அக்குடும்பத்தில் தந்தை சாம் கதிர்காமர் புகழ்பெற்ற சட்டத்தரணி. சகோதரர்களில் ஒருவரான ராஜநாதன் கதிர்காமர் 1960 முதல் 1970 வரை இலங்கைக் கடற்படையின் தளபதியாக இருந்தார். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் கொழும்பின் நீதிமன்றங்களிலும் அரசுப் பணிகளிலும் படைகளிலும் தமிழ் உயர்குடியினர் பெற்றிருந்த இடத்துக்கு அக்குடும்பம் ஓர் எடுத்துக்காட்டு.

கண்டி திரித்துவக் கல்லூரியில் பயின்ற கதிர்காமர் அங்கு கிரிக்கெட் அணியின் தலைவராகவும் மூத்த மாணவத் தலைவராகவும் விளங்கினார். தடை தாண்டி ஓடுவதில் பெயர் பெற்றவர். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று, பின்னர் ஆக்ஸ்போர்டின் பேலியல் கல்லூரியில் சேர்ந்தார். 1959-ல் ஆக்ஸ்போர்டு ஒன்றியத்தின் தலைவரானார். பிரிட்டனின் பல பிரதமர்கள் பேச்சுப் பயிற்சி பெற்ற விவாத மன்றம் அது. அவரது உருவப்படம் அம்மன்றத்தில் திறந்து வைக்கப்பட்டது 2005 மார்ச்சில், அதாவது அவர் கொல்லப்படுவதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்.

இளம் வழக்கறிஞராக இருந்தபோது, 1963-ல் அம்னெஸ்டி இண்டர்நேஷனல் அமைப்பின் சார்பில் தெற்கு வியட்நாமுக்குச் சென்று, அங்கு பௌத்தர்கள் மீது நடந்த ஒடுக்குமுறை குறித்து விசாரித்து அறிக்கை அளித்தார். மனித உரிமை அமைப்பின் விசாரணையாளராகப் பொதுவாழ்வைத் தொடங்கியவர், பிற்காலத்தில் அத்தகைய அமைப்புகளின் குற்றச்சாட்டுகளுக்கு அரசின் சார்பில் பதில் கூறும் நிலைக்கு வந்தார் என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

1970-களின் தொடக்கத்தில் நாட்டை விட்டு வெளியேறிய அவர், ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பிலும், 1976 முதல் உலக அறிவுசார் சொத்து அமைப்பிலும் பணியாற்றினார். இரண்டாவது அமைப்பில் ஆசிய பசிபிக் பிரிவின் இயக்குநராக உயர்ந்தார். 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர்கள் தாக்கப்பட்டு, வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டபோது அவர் ஜெனீவாவில் இருந்தார். 1988-ல் நாடு திரும்பி மீண்டும் வழக்கறிஞர் தொழிலில் ஈடுபட்டார்.

62 வயதில் முதல் அமைச்சர் பதவி

1994 ஆகஸ்ட் தேர்தலில் சந்திரிகா குமாரதுங்க தலைமையிலான மக்கள் கூட்டணி வெற்றி பெற்றது. பதினேழு ஆண்டுகால ஐக்கிய தேசியக் கட்சி ஆட்சி முடிவுக்கு வந்தது. புதிய அமைச்சரவையில் கதிர்காமர் வெளியுறவு அமைச்சரானார். அப்போது அவருக்கு வயது 62. அதற்கு முன் அவர் எந்தத் தேர்தலிலும் நின்றதில்லை. அதற்குப் பின்னும் நிற்கவில்லை.

அது எப்படி இயலும்? இலங்கை நாடாளுமன்றத்தின் 225 இடங்களில் 196 இடங்களுக்கு மாவட்ட வாரியாகத் தேர்தல் நடைபெறுகிறது. எஞ்சிய 29 இடங்கள், நாடு முழுவதும் கட்சிகள் பெற்ற வாக்குகளின் விகிதப்படி பகிர்ந்தளிக்கப்படுகின்றன. கட்சிகள் தாம் முன்னரே அளித்த பட்டியலிலிருந்து அவ்விடங்களை நிரப்பும். இதற்குத் தேசியப் பட்டியல் என்று பெயர். துறை வல்லுநர்களையும் சிறுபான்மையினரையும் அவைக்குள் கொண்டுவருவதற்கான வாயில் என இது விளக்கப்படுகிறது. தோற்ற வேட்பாளர்கள் பின்வாசல் வழியாக நுழைவதற்கும் அதுவே உதவியுள்ளது என்பது வேறு விஷயம். கதிர்காமர் முதல் வகையைச் சேர்ந்தவர். ஆயினும் அந்த வாயில் அவருக்குத் தந்த பதவியோடு ஒரு குறையும் ஒட்டியே வந்தது. அவருக்கென்று ஒரு தமிழ்த் தொகுதி இல்லை. அவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் என்று சுட்டிக்காட்ட மானிப்பாயில் ஒரு வாக்காளர்கூட இல்லை.

அவருக்கு முன்னும் தமிழர்கள் இலங்கை அமைச்சரவையில் இருந்துள்ளனர். ஜி.ஜி. பொன்னம்பலம் முதல் பிரதமர் டி.எஸ். சேனநாயக்கவின் அமைச்சரவையில் இடம்பெற்றார். தமிழரசுக் கட்சியின் சார்பில் மு. திருச்செல்வம் 1965-ல் உள்ளூராட்சி அமைச்சரானார். ஆனால் உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருக்கும்போது, அந்தப் போரைப் பற்றி உலகுக்கு எடுத்துரைக்கும் பொறுப்பு ஒரு தமிழரிடம் ஒப்படைக்கப்பட்டது இதுவே முதல் முறை.

சற்றே விலகி ஒரு செய்தி. சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினம் 1915-ல் பிறந்த ஊர் வட்டுக்கோட்டை. மானிப்பாய்க்கும் அதற்கும் தொலைவு அதிகமில்லை. வலிகாமத்தின் அருகருகே உள்ள இரு ஊர்களின் குடும்பங்கள் இரு நாடுகளுக்கு வெளியுறவு அமைச்சர்களைத் தந்தன. ராஜரத்தினம் தமது தொகுதியில் தேர்தல் மூலம் வென்று 1965 முதல் 1980 வரை அப்பொறுப்பில் இருந்தார். அங்கே அவரது இனம் ஒரு கேள்வியாக எழவில்லை.

தடை கோரிய தூதர்

கதிர்காமர் பதவியேற்றபோது மேற்கு நாடுகளில் விடுதலைப் புலிகளின் அலுவலகங்கள் வெளிப்படையாக இயங்கின. நிதி திரட்டலும் பரப்புரையும் தங்குதடையின்றி நடந்தன. இந்தியா மட்டும் ராஜீவ் காந்தி படுகொலையைத் தொடர்ந்து 1992-ல் அவ்வமைப்பைத் தடைசெய்திருந்தது.

1995 ஜனவரியில் தொடங்கிய போர் நிறுத்தம் ஏப்ரல் 19-ஆம் தேதி திருகோணமலைத் துறைமுகத்தில் கடற்படைப் படகுகள் தகர்க்கப்பட்டதுடன் முறிந்தது. அதன் பின்னர் கதிர்காமரின் பணி ஒரே திசையில் சென்றது. வாஷிங்டன், லண்டன், ஐ.நா. என ஒவ்வோர் அரங்கிலும், இது தமிழர்களுக்கு எதிரான போர் அல்ல என்றும், ஆயுத அமைப்பொன்றுக்கு எதிரான நடவடிக்கை என்றும் அவர் வாதிட்டார். அவ்வாதத்தை ஒரு சிங்கள அமைச்சர் முன்வைத்திருந்தால் கேட்போர் ஐயத்துடன் கேட்டிருப்பார்கள். ஆக்ஸ்போர்டு ஆங்கிலத்தில் ஒரு தமிழர் முன்வைத்தபோது அதன் எடை வேறாக இருந்தது. கொழும்பு அவரைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று அவரது விமர்சகர்கள் கூறினர். அந்தக் கூற்றை முற்றிலும் ஒதுக்கிவிட இயலாது. எனினும் அவர் வெறும் முகமூடியாகப் பயன்பட்டார் என்பதற்கு அவரது தனித்த கருத்துகள் இடம் தரவில்லை.

1997 அக்டோபரில் அமெரிக்கா விடுதலைப் புலிகளை வெளிநாட்டுப் பயங்கரவாத அமைப்புகளின் பட்டியலில் சேர்த்தது. 2001-ல் பிரிட்டன் தடை விதித்தது. இரண்டிலும் கதிர்காமரின் இடைவிடாத முயற்சிக்குப் பங்கு உண்டு என்பதை ஆதரவாளர்களும் எதிர்ப்பாளர்களும் ஒருசேர ஒப்புக்கொள்கின்றனர்.

இந்தியாவுடனான உறவிலும் அவரது காலம் தடம் பதித்தது. அமைதிப்படை விலகிய பின் கசந்திருந்த உறவு சீரானது. 1998 மே மாதம் இந்தியா அணுகுண்டுச் சோதனை நடத்தியபோது உலகின் பல நாடுகள் கண்டித்தன. கொழும்பு கடுமை காட்டவில்லை. அவ்வாண்டு டிசம்பர் 28-ஆம் தேதி இரு நாடுகளுக்கும் இடையே தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது. இன்றும் அது நடைமுறையில் உள்ளது.

மற்றொரு சாதனை பலருக்கு நினைவில்லாதது. புத்தர் பிறந்த நாளான வெசாக் பௌர்ணமியை ஐ.நா. பொதுச்சபை 1999-ல் தீர்மானத்தின் மூலம் சர்வதேச அளவில் அங்கீகரித்தது. அதற்கான முன்முயற்சி கதிர்காமருடையது. பௌத்தத்துக்கு அரசியல் சாசனத்தில் முதன்மை இடம் தந்துள்ள நாட்டில், பௌத்தத்துக்கு அந்த உலக ஏற்பைப் பெற்றுத்தந்தவர் ஒரு கிறிஸ்தவத் தமிழர்.

நவாலி

1995 ஜூலை 9-ஆம் தேதி யாழ்ப்பாணக் குடாநாட்டில் ராணுவ நடவடிக்கை தொடங்கியது. இடம்பெயர்ந்த மக்கள் தஞ்சம் புகுந்திருந்த நவாலி புனித பேதுரு தேவாலயத்தின் மீது விமானப்படை குண்டுகளை வீசியது. பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இதைச் சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு அறிக்கை மூலம் வெளிப்படுத்தியது. வெளியுறவு அமைச்சர் கதிர்காமர் அக்குழுவின் பிரதிநிதியை அழைத்து, அரசிடம் சரிபார்க்காமல் அறிக்கை வெளியிட்டதற்கு அதிருப்தி தெரிவித்தார்.

நவாலி, மானிப்பாய்க்கு அடுத்த ஊர்.

தமிழர்களில் பெரும்பகுதியினர் அவரை மன்னிக்காததற்கு, புலிகள் மீதான தடையைக் காட்டிலும் இத்தகைய தருணங்களே காரணம். பயங்கரவாதத்தை எதிர்ப்பதும் குண்டுவீச்சில் இறந்த பொதுமக்களுக்காகப் பேசுவதும் ஒன்றையொன்று விலக்குபவை அல்ல. ஆனால் ஓர் அரசின் வெளியுறவு அமைச்சர் என்ற நாற்காலி அவ்விரண்டையும் ஒருவரே செய்ய இடம் தரவில்லை. அவர் அந்த நாற்காலியைத் தேர்ந்தெடுத்தார். பேச்சுவார்த்தை மூலமான தீர்வையும் அதிகாரப் பகிர்வையும் அவர் ஆதரித்தார். 2000 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் முன்வைக்கப்பட்ட புதிய அரசியல் சாசன வரைவு அதற்காகவே வந்தது. அது நிறைவேறாமல் போனதும், கதிர்காமர் தமிழ் மக்களுக்கு எடுத்துக்காட்டக்கூடிய பலன் எதுவும் கையில் இல்லாத நிலை உருவானது.

குர்துகளின் வழி

இராக்கில் 1988-ல் சதாம் உசேன் அரசு நடத்திய அன்ஃபால் நடவடிக்கையில் குர்து மக்கள் பல்லாயிரக்கணக்கில் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு மார்ச் 16-ஆம் தேதி ஹலப்ஜா நகரில் வீசப்பட்ட விஷ வாயுவால் மட்டும் சுமார் 5,000 பேர் மாண்டனர். 2003-ல் சதாம் அரசு வீழ்ந்தபோது குர்துகளிடம் மூன்று பிடிமானங்கள் இருந்தன: 1991 முதல் தாமே நிர்வகித்துவந்த வடக்குப் பகுதி, பெஷ்மெர்கா என்னும் தனிப்படை, மக்கள் செல்வாக்குள்ள இரு கட்சிகள்.

பாக்தாத்தில் அவர்கள் பதவி பெற்றது அவற்றின் வலிமையால். குர்திஸ்தான் ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த ஹோஷ்யார் ஸெபாரி, முன்னாள் பெஷ்மெர்கா, 2003 முதல் 2014 வரை இராக்கின் வெளியுறவு அமைச்சராக இருந்தார். அரபு லீக் கூட்டங்களில் இராக்கின் குரலாக ஒலித்தவர் ஒரு குர்து. கதிர்காமருடன் ஒப்பிடத்தக்கவர் இவரே. ஆனால் ஸெபாரிக்குப் பின்னால் கட்சி இருந்தது, எர்பிலில் ஓர் அரசு இருந்தது. 2005-ல் பொதுவாக்கெடுப்பில் ஏற்கப்பட்ட அரசியல் சாசனம் குர்து மொழியை அரபு மொழியுடன் ஆட்சிமொழியாக்கியது. குர்திஸ்தான் பிராந்தியத்தை அங்கீகரித்தது. எழுதப்படாத மரபாக, அதிபர் பதவி குர்துகளுக்கும் பிரதமர் பதவி ஷியா பிரிவினருக்கும் அவைத்தலைவர் பதவி சன்னி பிரிவினருக்கும் என்று பிரிந்தது. தலபானியைத் தொடர்ந்து ஃபுவாத் மாசூம், பர்ஹாம் சாலிஹ், அப்துல் லத்தீஃப் ரஷீத் என அதிபர் பதவி குர்துகளிடமே நின்றது.

அதிபருக்கு அதிகாரம் குறைவு என்பது உண்மை. ஆயினும் தமது நிலைப்பாட்டைக் காத்துக்கொள்ள அப்பதவி இடமளித்தது. மரண தண்டனையைக் கொள்கை அளவில் எதிர்த்த தலபானி, குர்துகளை அழிக்க முயன்ற சதாமின் மரண தண்டனை ஆணையில்கூடத் தாம் கையெழுத்திடப்போவதில்லை என்று அறிவிக்க முடிந்தது. அதே நேரத்தில் இந்த ஏற்பாட்டின் எல்லையும் பின்னர் தெரியவந்தது. 2017 செப்டம்பர் 25-ஆம் தேதி குர்திஸ்தான் தனிநாடு கோரி வாக்கெடுப்பு நடத்தியபோது பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் ஆதரித்தனர். அடுத்த மாதமே இராக் படைகள் கிர்குக்கைக் கைப்பற்றின. நிதி அமைச்சராக மாறியிருந்த ஸெபாரியை, அதற்கு முந்தைய ஆண்டிலேயே நாடாளுமன்றம் வாக்கெடுப்பின் மூலம் பதவி நீக்கியிருந்தது.

துருக்கியில் நிலைமை வேறு. அங்கு குர்து வம்சாவளியினர் அமைச்சராகலாம்; குர்து என்ற அடையாளத்துடன் ஆவதுதான் கடினமாக இருந்தது. 1978-79-ல் பொதுப்பணித் துறை அமைச்சராக இருந்த ஷெராஃபெட்டின் எல்ச்சி, தாம் ஒரு குர்து என்று வெளிப்படையாகச் சொன்னார். 1980 ராணுவப் புரட்சிக்குப் பின் அதற்காகச் சிறை சென்றார்.

தொண்டமானின் பேரம்

இலங்கைக்குள்ளேயே குர்து முறைக்கு நெருக்கமான ஒருவர் உண்டு. அவர் சௌமியமூர்த்தி தொண்டமான். அவரது கதை அந்தமான் வாசகர்களுக்கு நேரடித் தொடர்புடையது. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க ஒப்புக்கொண்டது. அவ்வாறு தாயகம் திரும்பியவர்களில் ஒரு பகுதியினர் நிக்கோபார் மாவட்டத்தின் கச்சல் தீவில் ரப்பர் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர்.

இலங்கையில் எஞ்சியவர்களின் தொழிற்சங்கத் தலைவரான தொண்டமான் 1978-ல் அமைச்சரானார். 1999-ல் இறக்கும் வரை, ஐக்கிய தேசியக் கட்சி ஆட்சியிலும் அதன் எதிரணி ஆட்சியிலும் அமைச்சராகவே நீடித்தார். அவரிடம் தொழிலாளர்களின் வாக்கு இருந்தது. தேயிலைத் தோட்டங்களை நிறுத்திவைக்கும் ஆற்றல் இருந்தது. 1980-களில் நாடற்றவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டங்கள் நிறைவேறியதில் அந்தப் பேரம் பெரும்பங்கு வகித்தது. கல்வியிலும் நாவன்மையிலும் கதிர்காமருக்கு ஈடாக அவரை யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அமைச்சரவையை விட்டு வெளியேறுவேன் என்று அவர் சொன்னால் அரசு செவிசாய்த்தது.

பிரதமர் பதவிக்கு அருகில்

2001 டிசம்பர் தேர்தலில் ஆட்சி மாறியது. எதிர்க்கட்சி வரிசைக்குச் சென்ற கதிர்காமர், 2002 பிப்ரவரியில் ரணில் விக்ரமசிங்க அரசு நார்வே உதவியுடன் செய்துகொண்ட போர் நிறுத்த ஒப்பந்தத்தைக் கடுமையாக விமர்சித்தார். 2003 டிசம்பரில் நைஜீரியாவின் அபுஜாவில் காமன்வெல்த் பொதுச்செயலாளர் பதவிக்குப் போட்டியிட்டு, டான் மெக்கினனிடம் 40-க்கு 11 என்ற வாக்குகளில் தோற்றார்.

2004 ஏப்ரலில் அவரது அணி மீண்டும் வென்றது. பிரதமர் பதவிக்கு அவரது பெயர் பேசப்பட்டது. சிங்களத் தேசியவாதத்துக்குப் பெயர்பெற்ற ஜே.வி.பி. அவரை ஆதரித்தது என்பது அன்று பலரையும் வியக்க வைத்தது. முடிவில் மகிந்த ராஜபக்ச பிரதமரானார். கதிர்காமருக்குப் பழைய துறையே மீண்டும் கிடைத்தது. கட்சிக்குள் தமக்கென ஓர் அணியோ தொகுதியோ இல்லாதவர் அதை எதிர்த்துப் பேரம் பேசுவதற்கு வழியில்லை. அடுத்த ஆண்டு நவம்பரில் ராஜபக்ச அதிபரானதும், 2006-ல் போர் மீண்டும் மூண்டு 2009 மே மாதம் முடிந்ததும் அனைவரும் அறிந்தவை.

ஆகஸ்ட் 12 இரவு

பல ஆண்டுகளாகக் கொலை மிரட்டலுக்கு உள்ளாகியிருந்த கதிர்காமருக்குப் பலத்த பாதுகாப்பு அளிக்கப்பட்டிருந்தது. கொழும்பு புல்லர்ஸ் ஒழுங்கையில் உள்ள தமது வீட்டில் நீச்சலை முடித்துக்கொண்டு வந்தபோது, அண்டை வீட்டின் மேல்தளத்தில் மறைந்திருந்து சுட்டவரின் குண்டுகள் அவர் மீது பாய்ந்தன. மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. அவருக்கு வயது 73. நாட்டில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. விடுதலைப் புலிகள் பொறுப்பேற்கவில்லை. அரசு அவர்களையே குற்றஞ்சாட்டியது. ஜெர்மனியின் ஸ்டட்கார்ட் நீதிமன்றம் 2020-ல், இக்கொலைக்கு உதவிய குற்றத்துக்காகப் புலிகள் அமைப்பின் முன்னாள் உறுப்பினர் ஒருவருக்குச் சிறைத்தண்டனை விதித்தது.

அரசுடன் சேர்ந்து செயல்பட்ட தமிழர்கள் கொல்லப்பட்டது அது முதல் முறையல்ல. யாழ்ப்பாண மேயர் ஆல்பிரட் துரையப்பா 1975-ல் சுட்டுக்கொல்லப்பட்டார். அதிகாரப் பகிர்வுத் திட்டத்தை வடிவமைத்த சட்ட அறிஞர் நீலன் திருச்செல்வம் 1999 ஜூலை 29-ஆம் தேதி தற்கொலைத் தாக்குதலில் பலியானார். முன்னர் குறிப்பிட்ட மு. திருச்செல்வத்தின் மகன் அவர். இடைப்பட்ட வழியில் நடக்க முயன்ற தமிழ்த் தலைமுறை ஒன்று இவ்வாறு குறைந்துபோனது.

கதிர்காமரின் படுகொலை, அவர் உயிருடன் இருந்தபோது முழுமையாகக் கைகூடாத ஒன்றை விரைவுபடுத்தியது. 2006 ஏப்ரலில் கனடாவும், மே மாதத்தில் ஐரோப்பிய ஒன்றியமும் விடுதலைப் புலிகளைத் தடைசெய்தன. அதே ஆண்டில் இலங்கை நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, அவரது பெயரில் கொழும்பில் சர்வதேச உறவுகளுக்கான ஆய்வு நிறுவனம் ஒன்றை அமைத்தது. நவாலி தேவாலயத்தில் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 9-ஆம் தேதி குண்டுவீச்சில் இறந்தவர்களுக்கு நினைவஞ்சலி செலுத்தப்படுகிறது.